மைக் ரூம் சாவியும் நீ வைத்த கடவுச்சொல்லும்

தம்பி,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. டிஸ்க் ஓடிவிட்டது! இன்று மார்கழி முதல் நாள். விடியும் முன்பே நம் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் எங்கள் பஜனைப் பாட்டு புறப்பட்டு, மேல் லயத்து வீடுகள், கீழ் லயத்து வீடுகள், பெக்டரி ரோடு எல்லாம் கேட்டிருக்கிறது. என் எழுத்து இன்று கோணல்மாணலாக இருந்தால் அம்மாவுக்குக் குளிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன்.

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தையில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நாளாக மனதில் உருண்டுகொண்டே இருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த டிஸ்க் விவகாரம் எனக்கு வழி காட்டிவிட்டது. நிதானமாகப் படி. உன் அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். அவர்களுக்கும் கல்யாண வயதுதானே.

அந்த டிஸ்க் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே வேனில் நெருக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போய், ஒரு ஸ்டூடியோவில் நின்று பாடிப் பதிந்தோமே, அதுதான். பாட்டெல்லாம் பூங்கோதை அக்கா கட்டியது. அதன் பிறகு ஒவ்வொரு மார்கழியும் விடியற்காலையில் அதைத்தான் கோயிலில் போடுவார்கள். இந்த வருஷம் கார்த்திகை மழையில் கோயிலின் பழைய டிஸ்க் பிளேயர் ஈரம் குடித்துச் செத்துப்போனது. ஹட்டனில் காட்டினால், இந்த மாதிரிச் சாமானுக்கு இப்போது யாரும் பார்ட்ஸ் வைத்திருப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாட்டு வேறு எங்கும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு டிஸ்க், அதுவும் நம் வீட்டுச் சாமிப் படத்தடியில்.

கோயில் கூட்டத்தில் தலைவர் மாணிக்கம் அண்ணன் சுலபமாக முடித்துவிடப் பார்த்தார். "எதுக்குத் தங்கச்சி அலையுறீங்க? என் போன்ல ஆயிரம் சாமி பாட்டு கெடக்கு. ஒரு வயர சொருகுனா வேலை முடிஞ்சிது."

"அண்ணே, அந்தப் பாட்டெல்லாம் எந்த ஊரு கோயிலுக்கும் பொதுவாப் பாடினது. இது நம்ம அம்மனுக்கு நாங்க பாடினது. எங்க வீட்டுக் கம்பியூட்டர்ல டிஸ்க் போடுற தட்டு இருக்கு. கொண்டாந்து வச்சு நான் ஓட வைக்கிறேன். மைக் ரூம் சாவிய மட்டும் குடுங்க."

அவர் மடியில் இருந்த சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மைக் ரூம் சாவிய பொம்பளைங்க கையில குடுத்துப் பழக்கமில்லயே தங்கச்சி."

பூங்கோதை அக்கா பின்னால் இருந்து ஒரு குரல் விட்டார். "ஆமாமா, வெளக்குமாத்த மட்டும்தான் பழகிக் குடுத்திருக்கீங்க!"

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவரும் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "சரி. மார்கழி மொத நா காலையில பாட்டு கேட்டா, சாவி இனி ஒங்ககிட்டயே இருக்கட்டும். கேக்காட்டி, என் போனுதான். இந்தச் சாவிப் பேச்ச மறுபடி யாரும் எடுக்கக்கூடாது." நானும் எல்லோர் முன்னாலும் சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. அந்தத் தட்டை நான் ஒரு நாள்கூடத் திறந்து பார்த்ததில்லை!

நீ கொழும்புக்கு வேலைக்குப் போகும் முன், கடையில் கழித்துப் போட்ட சாமான்களைச் சேர்த்து எனக்குக் கட்டித் தந்த கணினி அது. "இதுல போட்டிருக்கிறது லினக்ஸும்மா. காசு குடுத்து வாங்க வேணாம். ஊரு ஊரா ஆளுங்க சேந்து செஞ்சு சும்மா குடுக்குறாங்க" என்றாய். கோயில் அன்னதானம் மாதிரியா என்று கேட்டேன். நீ சிரித்தாய், ஆனால் எனக்கு அன்றைக்கே அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அதில்தான் தமிழ் தட்டச்சுப் பழகினேன். கோயில் எண்ணெய், பூக் கணக்கைக் கட்டம் போட்டு எழுதப் பழகினேன். தெரியாத இங்கிலீஷ் வார்த்தை வந்தால் அகராதியைப் புரட்டுவேன். மெதுவாகத்தான் போவேன், ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அப்பாவும் நானும் கணினியைச் சாக்கில் சுற்றி, மழைக்கு ரெட்டுத் துணி போட்டு மூடி, மைக் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பொத்தானை அழுத்தினேன், தட்டு நாக்கை நீட்டுவதுபோல் வெளியே வந்தது. டிஸ்க்கை வைத்தேன், உள்ளே போனது, சுற்றும் சத்தமும் கேட்டது. பாட்டு மட்டும் வரவில்லை. திரையில் ஒரு வரி வந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தால், உனக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று அர்த்தம்.

தம்பி, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். தலைவரிடம் மன்றாடி ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால், உள்ளே இன்னொரு கதவு, அதிலும் பூட்டு! அப்பா திரையை எட்டிப் பார்த்து, "என்னா சொல்லுது?" என்றார். "எனக்கு அனுமதி இல்லயாம்" என்றேன். "இதுவும் மாணிக்கத்துக்குச் சொந்தக்காரனா இருக்கும்" என்றார் அவர்.

உன்னைக் கூப்பிட்டேன். நீ வேலையில் இருந்தாய். "அம்மா, அத ஏன் நோண்டுறீங்க? பொங்கலுக்கு வரும்போது எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தர்றேன்" என்றாய். உன் அவசரம் எனக்குத் தெரியும், நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் எண்ணெய்க் கணக்கு இடிக்கும்போது நான் முழுத் தாளையும் கிழித்துவிட்டா எழுதுகிறேன்? சரியாக இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு போவேன். கடைசியில் பிழை தனியாக நின்றுவிடும். இங்கேயும் அதையே செய்தேன். கரண்ட் வருகிறது, சரி. தட்டு திறக்கிறது, சரி. டிஸ்க் சுற்றுகிறது, சரி. ஆக, பெட்டி நல்ல பெட்டி, அதற்கு என்னைத்தான் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை?

கணினிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கங்களைப் படிக்கப் படிக்க விஷயம் பிடிபட்டது. அது ஆட்களைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருக்கிறது. டிஸ்க்கைத் தொட உரிமை உள்ளவர்களுக்கு ஒரு குழு, சத்தத்துக்கு ஒரு குழு, எல்லாவற்றையும் மாற்ற உரிமை உள்ள பெரியவருக்குத் தனி இடம். டிஸ்க் குழுவில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, உன் பெயர். எனக்கு நீ 'அம்மா' என்று ஒரு கணக்குத் திறந்து தந்திருந்தாயே, அந்த அம்மா எழுதலாம், படிக்கலாம், வேறு எதையும் தொட முடியாது. அம்மா எதையாவது அழுத்திக் கெடுத்துக்கொண்டு கஷ்டப்படக்கூடாது என்று நினைத்துத்தான் செய்திருப்பாய். அது எனக்குத் தெரியும். கோபப்படவில்லை. ஆனால் பாசத்தால் போட்ட பூட்டும் பூட்டுத்தானே தம்பி.

மறுபடி கூப்பிட்டேன். "என் பேர அந்தக் குழுவுல சேர்க்கணும். பெரியவரோட கடவுச்சொல்லக் குடு."

நீ தடுமாறினாய். "அது... அது வேணாம்மா. நானே வந்து..."

"மார்கழிக்கு நீ வரமாட்ட. குடுடா."

"அம்மா, வேற ஏதாவது கேளுங்களேன்."

"என்னடா, பேங்க் லாக்கரா அது? ஒரு பாட்டுப் போடணும், அவ்வளவுதான்."

நீ செத்த குரலில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாய். "டி..." அடித்தேன். "எச்..." அடித்தேன். "ஏ... ஆர்... எஸ்..."

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. "போதும் தம்பி. மிச்சத்த நானே அடிச்சுக்கிறேன்" என்றேன்.

தர்ஷினி! தையில் நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணின் பெயர்! நீ அந்தக் கணினியைக் கட்டியது எப்போது, நாங்கள் பெண் பார்க்கப் போனது எப்போது! எதிர் மலைத் தோட்டத்தில் நல்ல பிள்ளை ஒன்று இருக்கிறது, பாலர் பாடசாலையில் படித்துக் கொடுக்கிறது என்று பூங்கோதை அக்கா வந்து சொன்னபோது, "பொண்ணு பேரு என்னம்மா?" என்று கேட்டாயே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்! அந்த அக்காவிடம் அப்படிச் சொல்லச் சொன்னதும் நீதான் என்று நேற்றுதான் அவர் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொன்னேன். "நம்ம பாத்து முடிச்ச கல்யாணம்னு லயமெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் கோபப்படவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் இதைச் சொல்லாமல் விடப்போவதும் இல்லை.

என் பெயரைக் குழுவில் சேர்த்துவிட்டேன். அதற்கு நீ போனில் சொன்ன கட்டளை வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன். ஆனாலும் பழைய பதிலேதான் வந்தது: அனுமதி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது. அம்மனைப் பார்த்து, "நீயும் மாணிக்கம் அண்ணன் பக்கமா?" என்று கேட்டே விட்டேன். அம்மன் என் பக்கம்தான் இருந்தாள். கரண்ட் வந்து கணினி மறுபடி எழுந்து, நான் 'அம்மா' என்று புதிதாக உள்ளே போனதும் பதில் மாறியிருந்தது! இப்போது அனுமதி இல்லை என்று அது சொல்லவில்லை. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்றது. பிறகுதான் உதவிப் பக்கத்தில் பார்த்தேன்: குழுவில் பெயர் சேர்த்தால் மட்டும் போதாது, வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால்தான் அது நம்மைப் புது ஆளாகப் பார்க்குமாம்.

அப்போது எனக்கு வந்த துள்ளலை என்னவென்று சொல்ல! அப்பா, "இன்னும் பாட்டு வரலயே, எதுக்கு குதிக்கிற?" என்றார். "பாட்டு வராட்டி என்னங்க, பதில் மாறிருச்சுல்ல!" என்றேன். தம்பி, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். நாளைக்கு உனக்கும் அவளுக்கும் ஒரு மனத்தாங்கல் வரும், வராமல் இருக்காது. பேசிப் பார்ப்பாய், உடனே சரியாகாது. ஆனால் நேற்றுச் சொன்ன குறையை விட்டு இன்று அவள் வேறு குறையைச் சொன்னால், "இவளுக்கு எத்தனை குறை!" என்று சலித்துக்கொள்ளாதே. முதல் கதவு திறந்துவிட்டது, அதனால்தான் இரண்டாவது கதவு கண்ணில் படுகிறது என்று எடுத்துக்கொள்.

இனிக் கெட்டது தட்டா, டிஸ்க்கா என்று பார்க்க வேண்டும். வேறு ஒரு டிஸ்க் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று, அப்பா பெக்டரியில் ஒருவரிடம் கேட்டு ஒன்றை வாங்கிவந்தார். என்ன டிஸ்க் என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி வயர் மாட்டியிருந்ததையும் மறந்துவிட்டேன். போட்டதுதான் தாமதம், சினிமாக் குத்துப்பாட்டு ஒன்று மலையே அதிரக் கிளம்பியது! நிறுத்தும் பொத்தான் எங்கே என்று நான் தேடுவதற்குள் பாட்டு ஒரு சுற்று முடிந்துவிட்டது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "என்னா தங்கச்சி, அம்மனுக்கு டான்ஸா?"

"டெஸ்ட் பண்றோம் அண்ணே."

"டெஸ்ட்ட நிறுத்துங்க! கொழுந்து பறிக்கிற புள்ளைங்கெல்லாம் மலையில நின்னு ஆடுதுங்க!"

அம்மன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரே கும்மாளம். தட்டு நல்ல தட்டு! நான் செய்ததெல்லாம் சரி! பிழை இனி நிற்பதற்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம். எங்கள் டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். பார்த்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். புத்தகம், கத்தரிக்கோல், அரிவாள், கணினி, உன் சைக்கிள் என்று வீட்டில் வேலை செய்யும் சாமான் ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம் வைப்பேன். இந்த வருஷம் புதிதாக டிஸ்க்குக்கும் வைத்திருக்கிறேன். பேர் எழுதிய பக்கம் முதுகு, கண்ணாடி மாதிரி மின்னுகிற பக்கம்தான் முகம் என்று நினைத்து, மின்னுகிற பக்கத்திலேயே நடு ஓட்டையைச் சுற்றி அழகாகப் பொட்டு வைத்திருக்கிறேன்! அந்தப் பக்கம்தான் கணினி படிக்கிற பக்கம். பாட்டு தொடங்கும் இடமே அந்த நடுவட்டம்தானாம். சந்தனம் காய்ந்து, மழைக்கால ஈரத்தில் இளகி, மறுபடி காய்ந்து ஓடு மாதிரிப் பிடித்திருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "சாமிப் பாட்டுக்கே கண்ணக் கட்டி வுட்டுட்டியே புள்ள" என்றார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழும் என்று படித்திருந்தேன். துடைக்கும்போது அம்மனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன், அவளுக்கு வைத்த பொட்டை அழிக்கிறேனே என்று. இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நீ பாசத்தில் பூட்டு வைத்தாய், நான் பக்தியில் பொட்டு வைத்தேன். இரண்டு பேரும் நல்லதுதான் நினைத்தோம். இரண்டு பேருமாகச் சேர்ந்து பாட்டை அடைத்துவிட்டோம்.

இன்று காலை மைக் ரூமில் நானும் பூங்கோதை அக்காவும் அப்பாவும் இருந்தோம். வெளியே பனி மூட்டம், கோயில் மணிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தலைவர் வாசலில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். டிஸ்க்கை வைத்தேன். தட்டு உள்ளே போனது. சுற்றியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்துவிட்டது. பிறகு ஜால்ராச் சத்தம். அதன் பின்னால் எங்கள் குரல்! மூட்டத்துக்குள் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் காம்பராவாக விளக்கு எரியத் தொடங்கியது. தலைவர் போனை மடியில் சொருகினார். பாட்டு முடியும்வரை கைகட்டி நின்று கேட்டார். பிறகு சாவியை எடுத்து, அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, என்னிடம் நீட்டினார். "இந்தாங்க தங்கச்சி. குத்துப்பாட்டு மட்டும் வேணாம்."

சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. தர்ஷினி. "அத்த, எங்க மலைக்குக் கேக்குது! வாசல்ல நின்னு எல்லாரும் கேக்குறோம். ரெண்டாவது பாட்டுல தனியாக் கேக்குறது ஒங்க கொரல்தானே?"

"ஆமாம்மா. எப்புடிக் கண்டுபிடிச்ச?"

"அவரு சொல்லியிருக்காரு, எங்கம்மா கொரல் மட்டும் கொஞ்சம் முந்திக்கிட்டுப் போகும்னு."

"ஓ, எப்ப சொன்னாரு? பொண்ணு பாக்க முன்னுக்கா, பின்னுக்கா?"

"ஐயோ அத்த!" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பூங்கோதை அக்கா பயந்துபோய் வெளியே வந்துவிட்டார்.

இனி நான் சொல்ல நினைத்தது. போன மாதம் போனில், "கல்யாணத்துக்குப் பொறகு அவ வேலைக்குப் போக வேணாம்மா, வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்" என்றாய். பாசத்தில்தான் சொல்கிறாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் ஒரு கணக்குத் திறந்து, எழுதலாம், படிக்கலாம், வேறு எதையும் தொட வேண்டாம் என்று பாசத்தில்தான் வைத்திருந்தாய். இன்று அவளிடம் கேட்டேன், வேலையை விடுகிறாயாமே என்று. "அவரு அப்புடித்தான் சொன்னாரு அத்த" என்றாள். நீ என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன். "என்ட்ட கேக்கலயே" என்றாள். நான் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். அது உங்கள் இருவருக்கும் உரிய பேச்சு. நீ கேட்டு, அவள் வாயால் பதில் வரட்டும். விடுகிறேன் என்றால் விடட்டும், போகிறேன் என்றால் போகட்டும். எந்தப் பதிலானாலும் அவளுடையதாக இருக்கட்டும்.

கடிதத்தை முடிக்கிறேன், விளக்கு வைக்கப் போக வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, இருமல் வந்தால் அசட்டையாக இருக்காதே. ஆத்தா மகமாயி உங்கள் இருவருக்கும் துணை இருப்பாள். பொங்கலுக்கு வரும்போது கணினியை அழித்துப் புதிதாகப் போடும் வேலையெல்லாம் வேண்டாம், அது நன்றாக இருக்கிறது. இன்னொன்று, பெரியவரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கல்யாணப் பெண்ணின் பெயரைக் கோயில் மைக் ரூமில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புதுச் சொல் என்னவென்று தர்ஷினியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு வேண்டுமென்றால் அவளிடம் கேள். கேட்கிற நேரத்திலேயே அந்த வேலை விஷயத்தையும் கேட்டுவிடு.

இப்படிக்கு, இப்போது எல்லாக் குழுவிலும் இருக்கிற
உன் அம்மா